அம்சவேணி போட்ட மாலை

அம்சவேணிக்குப் பொட்டில்லாத எதையும் பார்க்கப் பிடிக்காது. பீரோவுக்குப் பொட்டு, குடத்துக்குப் பொட்டு, மிக்சிக்குப் பொட்டு. மியூசியத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று அதற்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். கம்ப்யூட்டருக்கு நெற்றி எது என்று ஒருவன் கேலி செய்தபோது, மேலே நடுவில் இருப்பதுதான் நெற்றி, இதுகூடத் தெரியாமலா பேண்ட் போட்டுக்கொண்டு திரிகிறாய் என்று திருப்பிக் கேட்டாள். அவள் வாய் அப்படி. மனசு நல்ல மனசுதான். ஆனால் அது வாய்க்குப் பின்னால் நாலடி தள்ளி வரும், வந்து சேருவதற்குள் வாய் காரியத்தைக் கெடுத்திருக்கும்.

நகரியில் ரயிலடிக்குப் போகிற ரோட்டில், பழைய பயணியர் பங்களாவில் இருக்கிறது அந்த மியூசியம். ஊர் வரலாற்றுக் காட்சியகம் என்று தெலுங்கில் மேலேயும் தமிழில் கீழேயும் எழுதியிருக்கும். உள்ளே வயலில் கிடைத்த ஒரு நடுகல், பழைய ரயில்வே கைவிளக்குகள், பெட்டி போன்ற ஒரு ரேடியோ, கண்ணாடிக்குள் கொஞ்சம் காசுகள். வருகிறவர்கள் பெரும்பாலும் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள். ஃபேன் ஓடுகிறதா, தண்ணீர் இருக்கிறதா, பாத்ரூம் எந்தப் பக்கம் என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்டவரை அம்சவேணி பார்த்ததில்லை. நடுகல் வீரன்மேல் ஈரத் துண்டைக் காயப்போட்ட ஒரு ஆளை அவள் ரோடு வரை துரத்திக்கொண்டு போனது ஊருக்கே தெரியும்.

அவள் இந்த ஊர்க்காரி இல்லை. சத்தியவேடு பக்கத்திலிருந்து வாழ வந்தவள். வந்த புதிதில் சம்பத்தின் பவர்லூம் கொட்டகையில் நூல் சுற்றினாள். வருஷக்கணக்காகச் சுற்றி, பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற நிலைக்கு வந்ததும் டாக்டர் அந்த வேலையே வேண்டாம் என்றுவிட்டார். புருஷன் லாரிக்குப் போகிறவன், அவன் வீடு வந்தால்தான் உண்டு. அந்தச் சமயத்தில் சம்பத்தான் முனிசிபாலிட்டியில் சொல்லி, கதவு திறந்து மூடி, கூட்டித் துடைத்து வைக்கிற இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். சம்பத் வாய் திறந்து பேசுகிற மனிதர் இல்லை. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். தறி ஓடுகிற சத்தத்திலேயே இருந்து இருந்து, சத்தமில்லாத இடத்திலும் தலையாட்டியே காரியம் முடிப்பார். அந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் அம்சவேணிக்கு அது கோயில் மணி மாதிரி. சந்தேகப்படத் தோன்றாது.

இப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த மியூசியத்துக்குத்தான் போன வருஷம் ஹரிதா வந்து சேர்ந்தாள். திருப்பதியில் இதற்கென்றே படித்த பெண். வாரத்தில் சில நாள் நகரியில், மற்ற நாள் திருப்பதியில். அவள் வந்து முதலில் செய்த காரியம், அரசுப் பெண்கள் பள்ளியின் ஸ்டோர் ரூமில் உடைந்த பெஞ்சுகளுக்கு அடியிலிருந்து ஒரு போட்டோவைக் கண்டெடுத்தது. அரை டிராயர் போட்ட பெண் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள், நடுவில் ஒரு கோப்பை. எண்பதுகளில் சித்தூரில் நடந்த ஜில்லா கபடியில் ஜெயித்து வந்த அணி. அரை டிராயருக்காக வீட்டில் வாங்கிய அடியும் அந்தக் கோப்பைக்குள் சேர்த்தி என்று பார்த்த உடனே அம்சவேணி சொல்லிவிட்டாள்.

ஹரிதா ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாகப் பெரிசாக்கிச் சட்டம் போட்டு ஒரு சுவர் முழுக்க மாட்டினாள். 'இவங்க யாரு?' என்று மேலே எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊரைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்துப் பேர் சொல்லுங்கள், எங்கே இருக்கிறார்கள் சொல்லுங்கள் என்று ஒரு நிகழ்ச்சி. யார் வரப்போகிறார்கள் என்று அம்சவேணி நினைத்தாள். வந்தார்கள். முதல் வாரம் வேடிக்கை பார்க்க, அடுத்த வாரம் சண்டை போட. இது எங்க சின்னம்மா என்று ஒரு வீடு சொல்ல, உங்க சின்னம்மா மூக்கு இப்படியா இருக்கும் என்று இன்னொரு வீடு கேட்க, போண்டா கடைக்காரர் அங்கேயே தட்டோடு வந்து நின்றார். செருப்பு வைக்க இடமில்லாமல் போனது அந்த மியூசியத்தின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. அம்சவேணிக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் அத்தனை பேரையும் திட்டிக்கொண்டே இருந்தாள்.

அணியின் தலைவி இறந்துபோய்விட்டாள் என்று அவள் பிள்ளைகள் வந்து சொல்லி அழுதார்கள். பிறகு ஒரு ஞாயிறு, கூட்டம் கலைந்தபின், சம்பத் வந்தார். வலது ஓரத்தில் புருவத்தில் தழும்போடு முறைத்துக்கொண்டு நிற்கிற பெண்ணின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். வெகு நேரம் நின்றார். அம்சவேணி பக்கத்தில் போய் யார் என்று கேட்டாள்.

"என் தங்கச்சி. தாட்சாயணி."

இத்தனை வருஷம் அவர் கொட்டகையில் வேலை செய்தும் தங்கை என்று ஒரு பேச்சை அவள் கேட்டதில்லை. இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள். சம்பத் படத்தைப் பார்த்தபடியே, "செத்துப்போச்சு. ரொம்ப வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

அம்சவேணியின் நெஞ்சு பதறிப்போயிற்று. பெற்ற பிள்ளையைப் போல வைத்திருந்த படங்களில் ரெண்டு செத்தவர்கள் படம், ரெண்டும் வெறும் நெற்றியோடு தொங்குகின்றன. மறுநாளே சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, சாமந்தி மாலை வாங்கி இரண்டு படத்துக்கும் போட்டுவிட்டாள். ஹரிதா வந்து பார்த்துத் தலையில் கை வைத்தாள். மியூசியத்தில் மாலை போடக்கூடாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். செத்தவர்களை மூளியாக மாட்டி வைக்கக்கூடாது என்று இவள் பொறுமையில்லாமல் சொன்னாள். தலைவியின் பிள்ளைகள் மாலையைப் பார்த்துக் கும்பிட்டு அழுததைக் கண்டதும் ஹரிதா விட்டுவிட்டாள். மாலையோடேயே படமெடுத்து மியூசியத்தின் பேஸ்புக் பக்கத்திலும் போட்டாள். சம்பத்தின் தெருப் பெரியவர்கள் சிலர் தாட்சாயணியின் மாலையைப் பார்த்து ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டதை அம்சவேணி கவனித்தாள். கேட்டதற்கு, அடுத்த வீட்டு விஷயம் நமக்கெதுக்கு என்று நழுவினார்கள்.

அதிலிருந்து சம்பத் தினமும் சாயங்காலம் வர ஆரம்பித்தார். கொட்டகையில் ஷிப்ட் மாறியதும் மொபெட்டில் வருவார். வாசலில் செருப்பை விடுவார். கையில் வாழை இலைப் பொட்டலம். அதை அந்தப் படத்தின் கீழே இருக்கிற மரப் பலகையில் வைத்துவிட்டு, கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போவார். முதல் நாள் பிரித்துப் பார்த்த அம்சவேணிக்குச் சிரிப்புத்தான் வந்தது. நெருக்கமாகக் கட்டிய கனகாம்பரம். செத்தவங்க படத்துக்கு யாராவது கனகாம்பரம் வாங்குவார்களா? ஆம்பிளைக்கு என்ன தெரியும், பூக்காரி கையில் கிடைத்ததைக் கட்டி அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

தாட்சாயணி வந்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். ஹரிதா அன்று திருப்பதியில் இருந்தாள். அம்சவேணி நடுகல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காட்டன் புடவையும் காலில் கேன்வாஸ் ஷூவுமாக ஒரு அம்மாள் விறுவிறுவென்று உள்ளே வந்தாள். ஷூவைக் கழற்றச் சொல்வதற்குள் சுவருக்கு முன்னால் போய் நின்று, வலது ஓரப் படத்தின் மாலையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். சாமந்தி தரையெல்லாம் உருண்டது.

அம்சவேணிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வேகம் வந்ததோ. துணியோடு ஓடிப்போய், செத்தவங்க மாலையில் கை வைக்கிறாயே, நீயெல்லாம் அக்கா தங்கச்சியோடு பிறந்தவளா, பூ என்ன மரத்திலிருந்து சும்மா விழுகிறதா என்று பிடிபிடியென்று பிடித்தாள். அந்த அம்மாள் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி, தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தத் தழும்பு, புத்தூர்ப் பொண்ணு ஒருத்தி முட்டினது. தையல் போட்டது சித்தூர் ஆஸ்பத்திரியில. எல்லாம் ஞாபகம் இருக்குது. நான் செத்தது மட்டுந்தான் எனக்குத் தெரியாம நடந்திருக்குது."

அம்சவேணி படத்தைப் பார்த்தாள். ஆளைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உயிரோடு இருக்கிற மனுஷிக்கு மாலை போட்டுச் சந்தனம் வைத்து, தினம் காலையில் கும்பிட்டு வேறு வந்திருக்கிறாள். அந்தப் பாவம் தன் பிள்ளை குட்டிகளுக்குப் போய்ச் சேருமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த அம்மாளின் ஷூ காலைத் தொடப்போனாள். தாட்சாயணி காலை இழுத்துக்கொண்டாள்.

திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருக்கிறாள். புருஷனும் மகனும் இருக்கிறார்கள். கூட வேலை செய்கிற டீச்சர்கள் போனைக் காட்டி, மேடம் உங்களுக்கு மாலை போட்டிருக்கிறார்கள் என்று சிரித்தார்களாம். அவர்களோடு சேர்ந்து இவளும் சிரித்தாளாம். ராத்திரி தூக்கம் வரவில்லையாம். முன்பு வேற சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு திருப்பதி போனதற்காகப் பெற்ற நைனாவே தெருவையே கூட்டி வைத்து, செத்த மகளுக்குச் செய்கிற மாதிரி தலைமுழுகிக் காரியம் பண்ணிச் சோறு போட்டாராம். இந்தப் பக்கங்களில் அப்படிச் செய்துவிட்டால் அந்தப் பேரையே பிறகு வீட்டில் எடுக்க மாட்டார்கள். அதைக்கூட அவள் விழுங்கிவிட்டாள், பழைய காலத்து மனுஷன் என்று. இப்போது கண்ணாடிச் சட்டம் போட்டு மறுபடியுமா என்று கேட்டாள்.

"படத்தைக் கழட்டிக் கொடு. நான் எடுத்துக்கினு போறேன். இந்த ஊரு சுவத்துல நான் பொணமா தொங்க மாட்டேன்."

அம்சவேணி மறுபேச்சில்லாமல் ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினாள். வரிசையில் அந்த இடம் விழுந்த பல் மாதிரி இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. இந்தச் சுவரால்தான் இந்த மியூசியத்துக்கு உயிரே வந்தது. அதைத் தானே தன் கையால் கெடுத்துக்கொண்டோமே என்று பழைய பேப்பரை எடுத்துப் படத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். அப்போதுதான் தாட்சாயணி, நான் செத்தேன் என்று உனக்குச் சொன்னது யார் என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். ஊர் சொன்னது என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் அம்சவேணியின் வாய்தான் முந்திக்கொள்ளுமே. சம்பத் அண்ணா என்று வந்துவிட்டது.

அந்த அம்மாளின் முகம் மாறியதை அம்சவேணியால் பார்க்க முடியவில்லை. கோபமாக வந்தவள் இப்போது கோபமாக இல்லை. "அவனுமா" என்று மட்டும் கேட்டாள். படத்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். சாயங்கால ரயிலுக்குப் போகிறேன் என்று வாசலைப் பார்த்து நடந்தாள்.

இவள் இப்படியே போனால் இனி இந்த ஜென்மத்தில் நகரி மண்ணை மிதிக்க மாட்டாள். அது அம்சவேணிக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. அண்ணன்காரர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று தவித்துக்கொண்டு காலியான சுவரைத் திரும்பிப் பார்த்தாள். ஆணிக்குக் கீழே பலகையில், நேற்றைய இலைப் பொட்டலம் இன்னும் இருந்தது. வாடியும் உதிராத கனகாம்பரம்.

அம்சவேணிக்கு உச்சியில் அடித்தது போல் இருந்தது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"அக்கா, நில்லுக்கா. உங்க அண்ணன் தினம் வந்து வச்சிட்டுப் போறது இது. நான் கூறுகெட்டவ, பூக்காரி தப்பாக் கட்டிட்டான்னு நெனச்சிக்கினு இருந்தேன். செத்தவங்களுக்கு யாராச்சும் தலையில வைக்கிற பூவை வாங்குவாங்களா?"

தாட்சாயணி நின்றாள். பொட்டலத்தை வாங்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வாசல் படியில் உட்கார்ந்தாள். மல்லி ஆட்டத்தில் உதிர்ந்து போகும், கனகாம்பரம்தான் நிற்கும் என்று அவள் சொல்வாளாம். ஆட்டத்துக்குப் போகிற நாளில் நைனாவுக்குத் தெரியாமல் அண்ணன்தான் வாங்கி வந்து வைத்து அனுப்புவானாம். இதைச் சொல்லிவிட்டு, அதுக்காக அவன் செய்தது இல்லையென்று ஆகிவிடுமா என்று அம்சவேணியையே கேட்டாள். அம்சவேணி ஆகாது என்றாள். ஆனால் சாயங்காலம் அவர் வந்துவிடுவார், அதுவரைக்கும் இரு என்றாள். ரயில் வரைக்கும் இருக்கிறேன், அதற்குமேல் ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன் என்றாள் தாட்சாயணி.

அன்றைக்கென்று பார்த்துச் சம்பத் வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. போன் போடலாம் என்றால், விஷயம் தெரிந்தால் அந்த மனுஷன் மொபெட்டைத் திருப்பிக்கொண்டு எங்கேயாவது போய் ஒளிந்துவிடுவார் என்று பயம். அம்சவேணி டீ வாங்கி வந்தாள், போண்டா வாங்கி வந்தாள். தாட்சாயணி டீயைக் குடித்தாள். துன்னுக்கா, துன்னுக்கா என்று கெஞ்சியும் போண்டாவைத் தொடவில்லை. அம்சவேணி நடுகல்லின் கதையைச் சொன்னாள். அவளுக்கு அந்தக் கதை தெரியாது, சொல்லச் சொல்ல அங்கேயே உண்டாக்கினாள். ரயிலடிப் பக்கமிருந்து மைக்கில் அறிவிப்புக் கேட்டது. தாட்சாயணி குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்ட ஆரம்பித்தாள். அம்சவேணி நகரியின் அத்தனை சாமிகளையும் பேர் சொல்லித் திட்டினாள்.

மொபெட் சத்தம் கேட்டது.

சம்பத் வண்டியை நிறுத்தினார். வழக்கம்போலத் தலையைக் குனிந்தபடியே வந்தார். படிக்குக் கீழே ஒரு செருப்பைக் கழற்றினார். அப்போதுதான் படியில் பேப்பர் சுற்றிய படத்தையும், பக்கத்தில் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தவளையும் பார்த்தார். அவள் நிமிர்ந்தாள். தழும்பு தெரிந்தது.

அவர் கழற்றின செருப்பை மறுபடி மாட்டப் பார்த்தார், கால் நுழையவில்லை. முகம் வெளிறிப்போய்த் திரும்பி வண்டியைப் பார்த்தார். அம்சவேணிக்கு அதைக் கண்டதும் பொறுக்கவில்லை. வேலை வாங்கிக் கொடுத்தவர், முதலாளி, அவர் நினைத்தால் நாளைக்கே தனக்கு இந்த வேலை இல்லை என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

"அண்ணா, படத்தைக் கழட்டியாச்சு. வாங்கியாந்த பூவை இப்ப எங்க வைப்பீங்க?"

சம்பத் நின்றார். கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"நானும் தலையில தண்ணி ஊத்திக்கினேன், தாட்சி" என்றார். "நைனா ஊத்தச் சொன்னாரு. ஊத்திக்கினேன். நைனா போன பெறகும் உன்னைப் பாக்க வர்றதுக்கு மூஞ்சி இல்ல. அதே பொய்யைச் சொல்லிக்கினே இருந்துட்டேன்." சொல்லும்போதே கண்ணீர் தாடையில் இறங்கியது, அவர் துடைக்கவில்லை.

தாட்சாயணி அவரை முறைத்தாள். படத்தில் முறைக்கிற அதே முறைப்பு. அம்சவேணிக்கு மூச்சு வாங்கியது. ரயில் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. தாட்சாயணி எழுந்தாள். இரண்டு படி இறங்கி, அண்ணனுக்கு முன்னால் வந்து, முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"வைக்கிறதுன்னா வை. எவ்வளவு நேரம் நிக்கிறது."

நாள் முழுக்க அறுந்த நூலைக் கண் மூடிக்கொண்டு முடிச்சுப் போடுகிற கை அது. இப்போது இலையைப் பிரிக்கவே திணறியது. நரை ஓடிய கொண்டையில் பூவை வைத்தார், சரிந்தது. மறுபடி வைத்தார். அம்சவேணி தன் தலையிலிருந்த ஊசியை உருவி அவர் கையில் கொடுத்தாள். ரயில் கிளம்பிப் போனது. மூன்று பேரில் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தாட்சாயணி பேப்பரைக் கிழித்துப் படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அம்சவேணி ஓடிப்போய் ஈரத் துணியால் படத்தின் நெற்றியிலிருந்த சந்தனத்தை அழுத்தித் துடைத்தாள். வாழ்நாளில் அவள் அழித்த முதல் பொட்டு அதுதான். அடுத்த ஞாயிறு வாசலில் கோடு போட்டு வையுங்கள், இந்த ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு ஆட்டம் தெரிகிறதா பார்க்கிறேன் என்று ஹரிதாவிடம் சொல்லச் சொன்னாள் தாட்சாயணி. சொல்லிக்கொண்டே ஸ்டூலில் ஏறினாள். தன் படத்தைத் தானே ஆணியில் மாட்டினாள். பின்னால் சாய்ந்து பார்த்துவிட்டு, நேராக இருக்கிறதா என்று அண்ணனைக் கேட்டாள்.

சம்பத்துக்குப் படம் தெரியவில்லை. அவர் அவள் தலையில் இருந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்குது, தாட்சி" என்றார்.